தாளில் செத்த மீன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உன் மருமகளும் உடம்பளவில் சுகம். நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். மற்ற கடிதங்களில் இதை வழக்கத்துக்கு எழுதுவேன். இன்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் உன்னைக் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னேன். உன் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு அண்ணன் அனுப்பிய மீன் பெட்டிகளில் இனி ஒன்றையும் திறக்காதே என்றேன். குழந்தைகள் பிரிவு டாக்டரிடம் ஓடிப்போய், நேற்றைய மீனில் மருந்து இருந்திருக்கலாம், பிள்ளைகள் யாருக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு இரைக்கிறதா என்று பார்க்கச் சொல் என்றேன். மருந்தின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எப்படி, யார் என்று நீ கேட்டதும் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாய், எடுக்கவில்லை. கோபப்படாதே. போனில் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். சின்ன வயசில் அண்ணன் எனக்கு வாயாடி என்று சும்மாவா பெயர் வைத்தான்.

அதனால் எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். தீவனக் கிடங்கில் மூட்டை மேல் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நாலு மணிக்கு ஐஸ் லாரி கிளம்புகிறது. டிரைவர் கையில் கொடுத்துவிட்டால் நாளைக் காலை உன்னிடம் சேர்ந்துவிடும்.

அண்ணன் அனுப்பியது கடல் மீன் இல்லை, தம்பி. எங்கள் பண்ணைக் கொடுவா. கடலில் மிதக்கிற எங்கள் வலைக் கூண்டுகளில் ஐந்தாம் கூண்டு மீன்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் உன் ஆஸ்பத்திரி நிர்வாகம், கடலுக்குக் கேடு செய்யாத மீனைத்தான் இனி வாங்க வேண்டும் என்று சொன்னது. நீ என்னிடம் கேட்டாய், அண்ணன் படகு மீனா, உன் பண்ணை மீனா, எது நல்லது, உள்ளதைச் சொல் அக்கா என்று. நான் உள்ளதில் பாதியைச் சொன்னேன். அண்ணனுடைய வலையில் கண் சின்னது, சுண்டுவிரல்கூட நுழையாது, ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சுகளையெல்லாம் அரித்துக்கொண்டு வருகிறான், கடலடியைச் சுரண்டுகிறான் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எங்கள் பண்ணையைப் பற்றி எழுதும்போது மட்டும், கடலுக்குக் கேடில்லாத மீன் என்று பெட்டிமேல் ஒட்டுகிற பச்சை முத்திரையைப் பற்றி எழுதி நிறுத்திக்கொண்டேன்.

மிச்சப் பாதி இதுதான். உன் அத்தான் தினமும் கூண்டுக்குள் முங்கிச் செத்த மீனைப் பொறுக்குகிறாரே, அவரைக் கேட்டால் தெரியும் கீழே என்ன இருக்கிறது என்று. தின்றது போக விழுந்த தீவனமும் மீன் கழிவும் சேர்ந்து முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. ஒரு நண்டு இல்லை, ஒரு நத்தை இல்லை. நோய் வந்தால் தீவனத்தில் மருந்து கலக்கிறோம். அந்தத் தீவனம் எதில் செய்தது? மத்தி, நெத்திலி, இன்னும் பெயர் வைப்பதற்குள் பிடிபட்ட குஞ்சுகள். இவற்றையெல்லாம் காயவைத்து அரைத்த மாவு. நான் இப்போது உட்கார்ந்திருக்கும் மூட்டையே அதுதான்.

நீ என் பேச்சைக் கேட்டு அண்ணனிடம் வாங்குவதை நிறுத்தினாய். அவன் என்ன செய்வான்? படகை விற்று வாயில் போட்டுக்கொள்வானா? தீவன ஆலைக்குப் பொடிமீன் பிடித்துப் போட ஆரம்பித்தான். முன்னால் வலையில் தெரியாமல் விழுந்த குஞ்சை இப்போது தேடிப்போய்ப் பிடித்தான். அது அரைபட்டு மூட்டையாகி என்னிடமே வந்தது. அண்ணன் பிடித்ததை நான் வாரி வாரி இறைத்து எங்கள் மீனை வளர்த்தேன், அதை நீ நல்ல மீன் என்று நோயாளிக்குப் பரிமாறினாய். இதுதான் நம் மூன்று பேரும் சேர்ந்து கடலைக் காப்பாற்றிய லட்சணம்.

அண்ணன் அன்றிலிருந்து என் முகத்தில் விழிக்கவில்லை. அண்ணியிடம், "அவளுக்கு மீனை எண்ணத் தெரியும், மனுசன எண்ணத் தெரியாது"ன்னு சொன்னானாம். அது வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் சமையலறையில் நின்று அழுதேன். அவன் சொன்னதில் தப்பு இருந்தால் அழுதிருக்க மாட்டேன், சண்டைக்குப் போயிருப்பேன்.

நீ நல்லவன். உனக்கு மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னாய். வலையைக் கட்டி வை, தூண்டிலில் பிடி, வளர்ந்த மீனை மட்டும் கொண்டு வா, தலையோடு முழுசாக அனுப்பு, உதட்டில் தூண்டில் முள் குத்திய ஓட்டை இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாய். அந்த வயசில் அவன் புதுசாகத் தூண்டிலுக்கு மாறினான், தம்பி. கை விரலெல்லாம் கயிறு அறுத்து, துணி சுற்றிக்கொண்டு திரிந்தான். நாலு மாசம் அவன் உனக்கு அனுப்பியது சத்தியமான மீன். அதை மறந்துவிடாதே. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு, ஒரு நாளைக்கு மூன்று, ஒரு நாள் வெறும் ஐஸ். கடலில் இருந்தால்தானே தூண்டிலில் மாட்டும்? நீயோ, இன்னும் ஒரு மாசம் பார்க்கிறேன், அதற்குமேல் நிர்வாகத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று அவனிடம் சொன்னாயாம். அண்ணிதான் உன் அத்தானிடம் சொன்னாள்.

அப்போதுதான் புயல். போன வாரம் செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் கூண்டில் நோய் என்று பத்து நாள் மருந்துத் தீவனம், அன்றைக்கு ஆறாவது நாள். மருந்து முடிந்தபிறகும் முப்பது நாள் அந்த மீனைக் கரையேற்றக் கூடாது என்று பலகையில் சிவப்பில் எழுதிவைத்திருக்கிறோம். எழுதியது நான்தான். புதன்கிழமை காலை உன் அத்தான் முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, ஒரு ஆள் நுழைந்து போகிற அளவுக்கு வலை கிழிந்திருக்கிறது, உள்ளே பாதிகூட இல்லை என்றார்.

எங்கள் மேனேஜரை உனக்குத் தெரியும், மிதவை மேல் நிற்கும்போதும் சட்டையில் மடிப்புக் கலையாத மனுஷன், நாங்கள் இஸ்திரி என்று கூப்பிடுவோம். அவர் அத்தானிடம் வலையைத் தைத்துவிட்டு வேறு வேலையைப் பார் என்றார். பிறகு என்னிடம் வந்தார். மீன் தப்பியது வெளியே தெரிந்தால் முத்திரைக்காரர்கள் வருவார்கள், முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். மருந்து தின்ற மீன் தப்பியது என்றால் பண்ணையையே மூடுவார்கள். செத்துப்போனது என்று எழுதினால் புயலின்மேல் பழி போய்விடும். "நீங்க எழுதுற தாள்தாம்மா, நீங்களே எழுதிடுங்க"ன்னு பூப்போலச் சொன்னார். மிரட்டியிருந்தால்கூட மறுத்திருப்பேன் போலிருக்கிறது.

பதினோரு வருஷமாகக் கூண்டு கூண்டாகச் செத்த மீனை எண்ணி எழுதுவது என் வேலை. அன்றைக்கு உண்மையில் செத்தது இருநூற்றுப் பன்னிரண்டு. நான் மூவாயிரத்து நூற்று நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி வீட்டில் குடியிருக்கிறோம், உன் அத்தானுக்கு ஒரு காது போய்விட்டது, இனி வேறு எங்கேயும் அவரை முங்கும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. என் தாளில் செத்துப்போன மீன்தான் உன் பெட்டியில் இருக்கிறது.

கூண்டில் வளர்ந்த மீனுக்கு வெளியே போனால் இரை தேடத் தெரியாது. நாலைந்து நாள் கூண்டைச் சுற்றியே கூட்டமாகத் திரியும், தீவனம் விழுமா என்று பார்த்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை அண்ணன் அந்தப் பக்கம் போயிருக்கிறான். பார்த்திருக்கிறான். கட்டி வைத்த வலையை அவிழ்த்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டுகிறார்கள், திறந்தால் அண்ணன். கையில் பை. ஒன்றரை வருஷம் கழித்து என் வாசலில் நிற்கிறான். "கடல் கண்ணத் தொறந்துடுச்சு வாயாடி, போடு எண்ணெயை" என்றான். உன் மருமகளைத் தூக்கிச் சுற்றினான், அவள் பன்னிரண்டு வயசுக் குதிரை, இவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம். நான் பையைப் பிரித்தேன். தலை இல்லை, துடுப்பு இல்லை, தோல் இல்லை, துண்டுகள் மட்டும். வயிற்றுப் பக்கம் விரல் தடிமனுக்கு வெள்ளைக் கொழுப்பு. அலைந்து திரிந்து தின்கிற மீனுக்கு ஏதுடா அந்தக் கொழுப்பு? சட்டியில் போட்டதும் வாடை வந்தது. இந்தத் தீவன வாடையோடு பதினோரு வருஷமாகத் தலை சீவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

திரும்பிப் பார்த்தேன். உன் அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. கூண்டு வலையில் உரசி உரசித் துடுப்பு மழுங்கியிருக்கும், அதைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் வெட்டியிருக்கிறான். உதட்டில் ஓட்டை இருக்காது, அதனால் தலையை எடுத்திருக்கிறான். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி அவளுக்கு ரசத்தை ஊற்றினேன். நானும் அத்தானும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து தின்றோம். அவனும் தின்றான். மருந்து விஷயம் அவனுக்குத் தெரியாது, தம்பி, அது மட்டும் நிச்சயம். தெரிந்திருந்தால் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பானா? பண்ணை மீனைக் கடல் மீன் என்று சொல்லி உன் தலையில் கட்டினான், அந்தத் தப்பு அவனுடையது. மற்றதெல்லாம் என்னுடையது.

அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் பெட்டிகள் லாரி ஏறியிருக்காது. திங்கட்கிழமை காலையில் சொல்லிவிட வேண்டும் என்றே இறங்குதுறைக்குப் போனேன். அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பெட்டி ஏற்றுகிறவர்களை அதட்டிக்கொண்டு நிற்கிறான். என்னைக் கண்டதும் அத்தனை பேர் முன்னாலும், "எந்தங்கச்சி வந்துட்டா, இனிமே ராசிதான்" என்று கத்தினான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்துவிட்டேன். லாரி என் கண் முன்னால்தான் போனது.

ஒன்றே ஒன்றுக்காக வேண்டிக்கொண்டே இருந்தேன். நீ பார்த்ததும் சந்தேகப்படுவாய், தலை எங்கே என்று கேட்பாய், திருப்பி அனுப்பிவிடுவாய் என்று. நேற்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அண்ணன் அண்ணன்தான் அக்கா, முள்ளெடுத்து, தோலுரித்து அனுப்பியிருக்கிறான், முள் இல்லாததால் முதல் இரண்டு பெட்டியைக் குழந்தைகள் பிரிவுக்கே கொடுத்தேன், ஒரு தட்டுகூட மிச்சம் வரவில்லை என்றாய். நீயும் நம்ப ஆசைப்பட்டுவிட்டாய், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ஆகா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "சொல்றதுன்னா முழுசாச் சொல்லு. ரெண்டு தாளையும் வெச்சு அனுப்பு" என்றார்.

வைத்திருக்கிறேன். பென்சிலில் எழுதியது அன்று காலை அத்தான் சொல்லச் சொல்ல நான் குறித்தது, இருநூற்றுப் பன்னிரண்டு. மையில் எழுதியது பிறகு எழுதியதன் நகல். இரண்டிலும் என் கையெழுத்து. எங்கள் மீன் டாக்டரிடம் நேற்று வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாத உடம்பு சிலருக்கு உண்டு, ஏற்கெனவே நோயில் கிடக்கிறவர்கள் என்றால் சொல்ல முடியாது என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் வீட்டிலும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், அங்கே அந்த மீன் ஒரு துண்டும் மிச்சமில்லை என்பதை விசாரித்துவிட்டேன். ஆனால் நாங்கள் கல்லைத் தின்று செரிக்கிற ஜனங்கள். உன் வார்டில் கிடப்பது பிஞ்சுகள்.

மிச்சம் இருபது பெட்டியையும் உங்கள் அதிகாரிகள் பார்த்து சீல் வைத்தபிறகு அழித்துவிடச் சொல். நாய் பூனைக்குக்கூடப் போய்விடக் கூடாது. நாளைக்கே நிர்வாகத்திடம் இந்தக் கடிதத்தைக் கொடு. எங்கள் கம்பெனி மேல் நாளைக்கே புகார் எழுது. எங்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, நாங்கள் யோசித்து யோசித்துத்தான் இது இந்த அளவுக்கு வந்தது. வீடு போகும், இரண்டு வேலையும் போகும், என்மேல் வழக்கும் வரலாம். அத்தான் நேற்றே தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்ட அட்டைப்பெட்டி பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்படியானால் கடைசியில் எந்த மீனைத்தான் வாங்குவது என்று கேட்பாய். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் அரைத்துக் கூண்டில் கொட்டுகிற மத்தியை நேராக மனுஷருக்கே கொடு. முள் என்பார்கள், வாடை என்பார்கள். நீ சமையல்காரன், அது உன் பாடு. முத்திரையைப் பார்க்காதே, அந்த முத்திரைக்குப் பின்னால் தாள் எழுதுகிறவள் யார், அவள் யார் வீட்டில் குடியிருக்கிறாள் என்று கேள். தூண்டிலில் பிடிக்கிறவன் ஒரு நாள் ஆறு மீன் கொடுத்தால் அந்த ஆறை வாங்கு, வெறுங்கையோடு வந்தால் அன்றைக்கு மீன் இல்லை என்று வார்டில் சொல்லு. தினமும் மீன் வேண்டும் என்று நீ நின்றதும் ஒரு காரணம். உன்னைத் திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. எந்தச் செய்தியாக இருந்தாலும் இனி எடுப்பேன்.

கடைசியாக அண்ணனைப் பற்றி. புகாரில் அவன் பெயரை விட முடியாது என்று எனக்குத் தெரியும். விடு என்று கேட்கவும் மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். நீயாக அவனைக் கூப்பிட்டுச் சொல்வதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள். ஆபீஸ் காகிதம் நகர்ந்து அவன் வாசலுக்கு வர எப்படியும் அதற்குமேல் ஆகும். இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறான். அண்ணி புதுப் பாய் வாங்கியிருக்கிறாளாம், வருஷக்கணக்காக வராதவள் வருகிறாள் என்று. போய்விட்டு வருகிறேன். யார் சொன்னது என்று அவன் கேட்டால் சுற்றி வளைக்காதே, அக்காதான் என்று சொல்லிவிடு. வேறு யாரையாவது சந்தேகப்பட்டு ஊரெல்லாம் அவன் பகைத்துக்கொள்ள வேண்டாம். என் ஒருத்தியோடு போகட்டும்.

உன் கையால் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கொடு, தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா